தேய்த்த தோலும் தேய்த்த பாட்டும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

பாட்டுக் கேட்காத மாணவர் உண்டோ? விடுதி அறையிலும், பேருந்துப் படிக்கட்டிலும், ஏன், ஆய்வுக்கூடத்தில் ஊசலின் அலைவுகளை எண்ணி முடித்து இளைப்பாறும் இரண்டு நிமிடத்திலும் நம்மவர் காதில் பாட்டுத்தான். யார் பாடியது, யார் எழுதியது, யார் இசையமைத்தது என்று மணிக்கணக்கில் வாதிடுகிறோம். இளையராஜாவா, ரகுமானா என்று எவரேனும் வாய்தவறிக் கேட்டுவிட்டால் அன்று மதிய வகுப்பு நடந்தாற்போலத்தான்! ஆனால் அந்தப் பாட்டு எப்படிப் பதிவாயிற்று என்று ஒருவரும் கேட்பதில்லை. விருந்தைப் புகழ்கிறோம், அடுப்பங்கரைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

இந்தக் கட்டுரை அந்த அடுப்பங்கரையைப் பற்றியது. ஒலிப்பதிவு முறைகளில் எனக்கு ஒன்று பிடிக்கும், ஒன்று பிடிக்காது. பிடித்தம் என்பது அவரவர் நாக்கைப் பொறுத்தது, அதற்குக் காரணம் கேட்கலாகாது என்பார்கள். எனக்குக் காரணம் உண்டு. அதைச் சொல்லவே எழுதுகிறேன். நண்பர்களும் பேராசிரியப் பெருமக்களும் மறுத்துரைத்தால் மகிழ்ச்சியோடு கேட்டுக்கொள்வேன்.

அப்பாவின் மேசை

என் அப்பா ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் செலக்ஷன் பிரிவில் வேலை செய்கிறார். பதனிட்டு வந்த தோலை மேசைமேல் விரித்து, விரலால் தடவி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று பிரிப்பது அவர் வேலை. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஒலியியலை எனக்குக் கல்லூரி கற்பித்தது. ஆனால் இந்தக் கட்டுரையின் கருத்தைத் தந்தவர் அப்பாதான்.

ஆட்டுக்கும் மாட்டுக்கும் உயிரோடு இருக்கும்போதே முள் கீறியிருக்கும், உண்ணி கடித்திருக்கும், சூடு போட்ட வடு இருக்கும். அவை எல்லாம் தோலில் நிற்கும். தழும்பு குறைந்த நல்ல தோலை, மேற்புறத்தைத் தேய்க்காமல், இயற்கையான வரியும் நுண்துளையும் தெரியும்படியே முடித்து அனுப்புவார்கள். அதற்குப் ‘புல் கிரெயின்’ என்று பெயர். விலையும் அதற்கே அதிகம். தழும்பு மிகுந்த தோலை உப்புத்தாள் சுற்றிய எந்திரத்தில் தேய்த்து, மேலே வண்ணப் பூச்சுக் கொடுத்து, சூடான தகட்டால் அழுத்தி, இல்லாத வரியை இருப்பதுபோல் பதிப்பார்கள். அது ‘கரெக்டட் கிரெயின்’. பார்வைக்கு அது ஒரே சீராகப் பளபளக்கும். விவரம் அறியாதவர் அதைத்தான் முதல் தரம் என்பார்.

அப்பா ஒருநாள் சொன்னார்: “தழும்பு இருக்கிற தோலைத் தேய்க்கலாம் தம்பி, தப்பே இல்லை. அதுவும் ஷூ ஆகி நாலு பேர் காலுக்குப் போகணும் இல்லையா? ஆனா நல்ல தோலைக் கொண்டுபோய் எவனாவது பஃபிங்கில் விட்டான்னா எனக்குக் கோபம் வரும்.”

இன்றைய ஒலிப்பதிவைப் பற்றி என் குறையும் இதுவே. நல்ல தோலையும் தேய்க்கிறார்கள்.

ஒரே மூச்சில் பதிவான காலம்

எடிசன் ஒலிவரைவியைச் செய்தது 1877-ஆம் ஆண்டு. இந்தியாவுக்கு அந்தக் கலை வணிகமாக வந்தது 1902-இல். கிராமபோன் கம்பெனியின் பதிவாளர் பிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் அம்மையாரின் பாட்டைப் பதிவு செய்தார். அப்போது மைக் கிடையாது. கூம்பு வடிவக் குழாய்க்குள் தலையை நுழைப்பதுபோல் நெருங்கி நின்று உரக்கப் பாட வேண்டும். குரலின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறும். ஒரு தட்டில் அடங்குவது ஏறக்குறைய மூன்று நிமிடம். பாட்டின் முடிவில் அந்த அம்மையார் தம் பெயரைத் தாமே அறிவித்துக்கொண்டார். கடல் கடந்து செருமனியில் தட்டு அச்சாகும்போது, பாடியவர் யார் என்று தெரிய வேண்டும் அல்லவா? இந்தப் பெயர் அறிவிப்பை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன், பின்னால் தேவைப்படும்.

1925-ஐ ஒட்டி மின்சார மைக் வந்தது. 1931-இல் முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ வந்தது. தொடக்க காலப் படங்களில் நடித்தவர்களே படப்பிடிப்புத் தளத்தில் நின்று பாடினார்கள். பக்கவாத்தியக்காரர்கள் கேமராவின் கண்ணுக்குப் படாமல் ஒளிந்து வாசித்தார்கள். அதன்பின் 1938-இல் வெளியான ‘நந்தகுமார்’ போன்ற படங்களில் பின்னணிக் குரல் முயன்று பார்க்கப்பட்டு, நாளடைவில் அதுவே வழக்கமாயிற்று.

பின்னணிப் பாடல் வந்தபிறகும் நெடுங்காலம் ஒரு பழக்கம் மாறவில்லை. பாடகர், வயலின்காரர், தபேலாக்காரர், குழல்காரர் எல்லோரும் ஒரே கூடத்தில் கூடி, ஒரே நேரத்தில் பாடி வாசிப்பார்கள். அது ஒரே தடத்தில் பதிவாகும். மெல்லிசை மன்னர்கள் விசுவநாதனும் இராமமூர்த்தியும் 1964-இல் ‘புதிய பறவை’க்கு மிகப் பெரிய வாத்தியக் குழுவை அமர்த்திப் பாட்டு அமைத்தது நம் தாத்தா, பாட்டிமார் அறிந்த கதை. அவ்வளவு பேரில் ஒருவர் தவறினால் அவ்வளவு பேரும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே கூடத்துக்குள் நுழையும் முன்பே ஒத்திகை முடிந்திருக்கும். ஒவ்வொருவர் காதும் அடுத்தவர் கைமீது இருக்கும்.

இதில் ஓர் இயற்பியல் உண்டு. திறந்த வெளியில் ஒலிச் செறிவு தொலைவின் இருமடிக்கு எதிர்த்தகவில் குறையும் என்று படித்திருக்கிறோம். மைக்கிலிருந்து ஓரடியில் நிற்பவரின் ஒலியை, பன்னிரண்டு அடியில் நிற்பவரின் ஒலி எட்ட வேண்டுமானால், அவர் 144 மடங்கு ஓங்கி ஒலிக்க வேண்டும். டெசிபலில் சொன்னால் ஏறத்தாழ 22. மூடிய கூடத்தில் சுவரின் எதிரொலி சேர்வதால் இந்தக் கணக்குச் சற்று மாறும். ஆனால் போக்கு அதுவே. ஒற்றை மைக்கை வைத்துப் பதிவு செய்தவர்கள் இந்த விதியைக் கொண்டே சமன் செய்தார்கள். பாடகரை முன்னே நிறுத்துவார்கள். வயலினை அடுத்து அமர்த்துவார்கள். பேரொலி எழுப்பும் தாளக் கருவியைப் பின்னுக்குத் தள்ளுவார்கள். குமிழைத் திருகிச் செய்ய வேண்டியதை நாற்காலியை நகர்த்திச் செய்தார்கள். அதனால்தான் பழைய பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஒரு கூடம் தெரிகிறது. யார் அருகில், யார் தொலைவில் என்பது தெரிகிறது. பாடகர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது. எனக்குப் பிடித்த பதிவு முறை இதுவே.

துண்டு துண்டாய்

பிறகு தடங்கள் பெருகின. இலண்டன் அபே ரோடு கூடத்தில் பீட்டில்ஸ் குழுவினர் நான்கு தட நாடாவைக் கொண்டே 1967-இல் ‘சார்ஜன்ட் பெப்பர்ஸ்’ என்னும் புகழ்பெற்ற இசைத்தட்டை உருவாக்கினார்கள். தமிழில் ஸ்டீரியோ முறைப் பதிவுக்குப் பெயர் பெற்றது இளையராஜாவின் இசையில் 1978-இல் வந்த ‘ப்ரியா’. அவரே 1986-இல் ‘புன்னகை மன்னன்’ படத்தில் கணிப்பொறியின் துணையோடு இசை தந்தார். 1992-இல் ‘ரோஜா’ வந்தது. கோடம்பாக்கத்தில் தம் வீட்டோடு சேர்த்து அமைத்த கூடத்தில், ஒவ்வோர் ஒலியாகச் சேர்த்து அடுக்கி, ஏ.ஆர். ரகுமான் ஒரு புதிய ஒலியைக் கேட்கச் செய்தார். இவை எல்லாம் நம் பெருமை. இவற்றை நான் குறை சொல்ல வரவில்லை. அடுக்கி அமைப்பதும் ஒரு கட்டடக் கலையே.

இதற்கிடையே ஒலி எண்ணாக மாறியது. 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில் ஒரு நொடி ஒலியை 44,100 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறித்து வைக்கிறார்கள். நாடாவின் இரைச்சல் ஒழிந்தது. அது பெரிய நன்மை. ஆனால் ஒலி எண்ணான பிறகு அதை வெட்டுவதும் ஒட்டுவதும் நகர்த்துவதும் மிக எளிதாகிவிட்டது. எளிதானது வழக்கமாயிற்று. வழக்கமே விதியுமாயிற்று. மூன்று வகைத் தேய்ப்பைச் சொல்கிறேன்.

முதலாவது, சுருதித் தேய்ப்பு. 1997-இல் ‘ஆட்டோ டியூன்’ என்னும் மென்பொருள் வந்தது. அதைப் படைத்த ஆன்டி ஹில்டிபிராண்ட், அதற்கு முன் நிலத்துக்குள் அதிர்வலை அனுப்பி எண்ணெய் வளம் தேடும் துறையில் கணக்குப் போட்டவர். அதே வகைக் கணக்கு, பாடகரின் குரல் எந்த அதிர்வெண்ணில் இருக்கிறது என்று கண்டு, அதை அருகிலுள்ள ‘சரியான’ சுரத்துக்கு இழுத்து நிறுத்துகிறது. மேலை இசையில் ஓர் அரைச்சுரத்துக்கும் அடுத்ததற்கும் அதிர்வெண் விகிதம் 1.0595. பன்னிரண்டு படி ஏறினால் இரு மடங்கு. நம் இசையோ படியில் மட்டும் நிற்பதில்லை. படிகளுக்கிடையே வழுக்கி ஏறி அசைந்து இறங்குகிறது. அதைத்தான் கமகம் என்கிறோம். தெருக்கூத்தில் கட்டியங்காரன் இழுத்துப் பாடும் குரலிலும், ஒப்பாரி வைக்கும் பாட்டியின் குரலிலும் அந்த அசைவு உண்டு. திருத்தும் கருவியை அளவறியாமல் முடுக்கிவிட்டால் அந்த அசைவையும் பிழை என்றே எண்ணி நிமிர்த்தும். கூனலை நிமிர்த்துவதாக நினைத்து நடனத்தை நிறுத்திவிடும்.

இரண்டாவது, காலத் தேய்ப்பு. காதில் ‘டிக் டிக்’ என்று ஒரு கணக்கொலியை ஓடவிட்டு, அதற்கு ஒத்தே வாசிக்கச் சொல்லி, அப்படியும் நூலிழை தவறிய அடியைப் பிடித்து நேர்க்கோட்டில் நிறுத்துவது.

மூன்றாவது, ஒலியளவுத் தேய்ப்பு. குறுந்தகட்டில் ஒலிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதற்குமேல் ஏற்ற முடியாது. எங்கள் பாட்டே உரக்கக் கேட்க வேண்டும் என்ற போட்டியில், மெல்லிய இடங்களை எல்லாம் ஏற்றி, உச்சங்களை எல்லாம் நசுக்கி, பாட்டு முழுவதையும் ஒரே மட்டமாக்கினார்கள். 2008-இல் மெட்டாலிக்கா என்னும் அமெரிக்கக் குழுவின் இசைத்தட்டு வந்தபோது, இரசிகர்களே அது நசுங்கிக் கிடக்கிறது என்று முறையிட்டார்கள். அதே பாட்டுகள் ஒரு கணினி விளையாட்டில் நசுக்கப்படாமல் இடம் பெற்றிருந்தன. அதுவே மேல் என்றார்கள். மேடும் பள்ளமும் இல்லாத நிலத்தில் ஆறு ஓடாது. பாட்டும் அப்படித்தான்.

மாமாவின் நான்கு ஆவர்த்தம்

இவ்வளவும் நூல்வழி அறிந்தது. நான் நேரில் கண்டதை இனிச் சொல்கிறேன்.

என் தாய்மாமன் பகலில் தோல் கிடங்கில் சுமை தூக்குகிறார். திருவிழாக் காலத்தில் பம்பை அடிக்கிறார். பம்பையை நம் வட ஆற்காட்டுப் பகுதியினருக்கு விளக்க வேண்டியதில்லை. எனினும் வெளியூர் நண்பர்களுக்காக: மரத்தால் ஒன்றும் உலோகத்தால் ஒன்றுமாக இரண்டு உருளைகளை ஒன்றன்மேல் ஒன்று சேர்த்துக் கட்டி, இடுப்பில் மாட்டிக்கொண்டு, குச்சியால் அடிப்பது. மாமாவின் செட்டில் நான்கு பேர். பம்பை இரண்டு, உடுக்கை ஒன்று, கைச்சிலம்பு ஒன்று.

சென்ற ஆண்டு ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து அம்மன் பாட்டுக்கு வாசிக்க மாமாவை அழைத்தார்கள். நானும் உடன் போனேன். செட்டில் மற்ற மூவர் வேண்டாம், பம்பை மட்டும் போதும் என்றார்கள். காதில் ஹெட்போனை மாட்டி, ‘டிக் டிக்’ ஓடவிட்டார்கள். மாமா இருபது நிமிடம் வாசித்தார். அதிலிருந்து நான்கு ஆவர்த்தத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு, அரைநாள் கூலி கொடுத்து அனுப்பினார்கள். பேசிய கூலியைப் பேசியபடி கொடுத்தார்கள், அதில் குறையில்லை.

பாட்டு வந்தது. கேட்டோம். மாமா வியந்துபோய், “நான் நாலு தட்டுத்தானே தட்டினேன்? பாட்டு முழுக்க நானே அடிக்கிற மாதிரி இருக்கே, தம்பி!” என்றார். ஐந்து நிமிடப் பாட்டு அது. நான் உட்கார்ந்து எண்ணினேன். ஏறத்தாழ பத்து நொடி நீளமுள்ள அதே நான்கு ஆவர்த்தம் முப்பது தடவை திரும்பி வந்தது. அதில் ஓரிடத்தில் மாமாவின் குச்சி விளிம்பில் பட்டு, ‘டக்’ என்று ஒரு சிறு ஒலி கேட்கும். நேரில் அடிக்கும்போது அது ஒரு தடவை நிகழ்ந்து மறைந்துவிடும். பாட்டிலோ முப்பது தடவையும் அதே இடத்தில் அதே ‘டக்’. ஒரு மனிதன் ஒரே தவற்றை ஒரே இடத்தில் முப்பது முறை செய்ய முடியுமா?

அதைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. பம்பையின் காலம் ‘டிக் டிக்’ ஒலியில் இல்லை. அம்மன் வருணனையில் மெல்லத் தொடங்கும். சாமி ஆடுபவரின் பாதத்தை மாமா கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டே அடிப்பார். அந்தப் பாதம் தடுமாறினால் இவர் தாங்குவார். அது துள்ளினால் இவர் முந்துவார். அடி கொஞ்சம் கொஞ்சமாக விரைந்து அருள் வரும் நேரத்தில் உச்சத்துக்குப் போகும். யார் யாரை நடத்துகிறார் என்று பார்ப்பவருக்குத் தெரியாது. அந்த உறவையே பதிவு வெட்டி எறிந்துவிட்டது.

அந்த ஆடி மாதம் எங்கள் பக்கத்துத் தெருக் கோயிலில் கூழ் வார்த்தார்கள். ஆண்டுதோறும் அங்கே மாமாவின் செட்டுத்தான். இம்முறை அழைக்கவில்லை. ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டுப் போட்டார்கள். மாமா எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தம் கை வாசிப்பதைத் தாமே கேட்டுக்கொண்டிருந்தார். கோயிலாரையும் குறை சொல்ல முடியாது. அவர்கள் கையில் பணம் குறைவு. ஆனால் பாட்டின் எந்த இடத்திலும் மாமாவின் பெயர் இல்லை. 1902-இல் கௌஹர் ஜான் தம் பெயரைச் சொல்லிவிட்டுப் போனார். நூற்றிருபது ஆண்டுக்குப் பின் வந்த எங்கள் மாமாவுக்கு அது கிடைக்கவில்லை.

மறுப்பவர்க்கு மறுமொழி

இதை வீட்டிலும் வகுப்பிலும் வாதிட்டிருக்கிறேன். எனக்கு வந்த மறுப்புகளை மறைக்காமல் சொல்கிறேன்.

முதல் மறுப்பு என் அம்மாவுடையது. அம்மா ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறார். காலையில் கம்பெனி பஸ்ஸில் போகும்போது கைப்பேசியில் பாட்டுக் கேட்பார். “நீ சொல்ற மெல்லிசான பாட்டெல்லாம் பஸ் சத்தத்துல காதுலயே விழாது. எனக்கு ஓங்கி ஒலிக்கிற பாட்டுத்தான் வேணும்” என்றார். இது நியாயம். இரைச்சலுக்கு நடுவே கேட்பவருக்கு மட்டமாக்கிய பாட்டு உதவுகிறது. ஆனால் ஒலியை மட்டமாக்கும் வேலையைக் கேட்கும் கருவியே செய்யலாமே! பதிவில் மேடு பள்ளம் இருந்தால் வேண்டும்போது நிரவிக்கொள்ளலாம். பதிவிலேயே நிரவிவிட்டால் பிறகு மேட்டை எங்கிருந்து கொண்டுவருவது? அப்பாவின் கணக்கும் இதுதான்: தேய்க்காத தோலை நாளைக்கும் தேய்க்கலாம்; தேய்த்த தோலுக்கு வரி திரும்ப வராது.

இரண்டாவது மறுப்பு ஒரு வகுப்புத் தோழனுடையது. “பழைய முறையில் சென்னையில் பெரிய கூடம் கிடைத்தவன்தான் பாட முடிந்தது. இன்று பேரணாம்பட்டில் ஒரு பையன் தன் படுக்கையறையில் கணினியை வைத்துப் பாட்டு வெளியிடுகிறான். உன் பேச்சு பணக்காரர் பேச்சு” என்றான். இது என்னைச் சுட்டது. உண்மைதான். என்னைப்போல் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவனுக்குக் கதவு திறப்பதன் அருமை தெரியாதா? அந்தக் கதவை மூடச் சொல்லவில்லை. அதே எளிய கருவியால், தேய்க்காமலும் பதிவு செய்யலாம் என்றுதான் சொல்கிறேன். அதற்குக் கூடுதல் செலவு ஒரு காசும் இல்லை.

மூன்றாவது மறுப்பு ஒரு பேராசிரியருடையது. கனடா நாட்டுப் பியானோ மேதை கிளென் கூல்டு 1964-இல் மேடைக் கச்சேரியையே கைவிட்டு ஒலிப்பதிவுக் கூடத்தில் புகுந்தார் என்றும், பல தடவை வாசித்து நல்ல பகுதிகளை ஒட்டியே தம் கலையைப் படைத்தார் என்றும் கூறி, “அவரும் தேய்த்தவர்தானே?” என்று கேட்டார். இரண்டு நாள் யோசித்தேன். என் விடை இது: கூல்டு வெட்டியது தம் கையை; கத்தரிக்கோல் இருந்ததும் தம் கையில். ரகுமான் அடுக்குவதும் தாம் நினைத்த கட்டடத்தை. வாசித்தவர் பெயர்களை இசைத்தட்டின் அட்டையில் அச்சிட்டு மதித்தவரும் அவர். மாமாவின் செய்தி வேறு. அவர் கையை வெட்டியது பிறர். எந்த நான்கு ஆவர்த்தம் நல்லது என்று அவரைக் கேட்கவும் இல்லை.

ஆகவே என் கட்சியை இப்படித் திருத்திக்கொண்டேன். வெட்டுவதும் ஒட்டுவதும் குற்றமன்று. தழும்புள்ள இடத்தில் தேய்க்கட்டும். தேய்க்கும் முன் தோலுக்கு உரியவரைக் கேட்கட்டும். நல்ல தோலை விட்டுவைக்கட்டும்.

மொட்டை மாடிச் சோதனை

குறை சொல்வது எளிது. செய்து காட்டுவது கடினம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவின் செட்டு முழுவதையும் எங்கள் மொட்டை மாடிக்கு அழைத்து, என் கைப்பேசியில் பதிவு செய்தேன். முதல் பதிவு பாழ். கைப்பேசியை ஓரடி தூரத்தில் ஸ்டூல்மேல் வைத்திருந்தேன். பெரும்பாலான கைப்பேசிகளில் ஒலியளவைத் தானே ஏற்றி இறக்கும் ஏற்பாடு உண்டு. பம்பை ஓங்கி விழுந்ததும் அது பதறி எல்லாவற்றையும் இறக்கிவிட்டது. உடுக்கையும் சிலம்பும் காணாமல் போயின. அடி ஓய்ந்ததும் மெல்ல ஏற்றியது. பாட்டு மூச்சுத் திணறுவதுபோல் இருந்தது.

பிறகு இருமடி விதி நினைவுக்கு வந்தது. கைப்பேசியைப் பன்னிரண்டு அடி தள்ளி வைத்தேன். உடுக்கையையும் சிலம்பையும் முன்னே நிறுத்தி, பம்பைகளைப் பின்னே நகர்த்தினேன். தானே ஏற்றி இறக்குவதை நிறுத்தும் வசதியுள்ள ஒரு செயலியைப் பயன்படுத்தினேன். ‘டிக் டிக்’ இல்லை, ஹெட்போன் இல்லை. ஒரே மூச்சில் பதினேழு நிமிடம். நடுவே காக்கை கத்தியது. கீழ்த்தெருவில் தண்ணீர் லாரி ஒலியெழுப்பியது. தொடக்கத்தில் இருந்த விரைவு முடிவில் ஏறக்குறைய இரு மடங்காகியிருந்தது. மாமா கேட்டுவிட்டு, எதுவும் சொல்லாமல், மறுபடி ஒருமுறை போடச் சொன்னார். உடுக்கைக்காரர், “என் உடுக்கை கேட்குதுப்பா” என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

நம் கடமை

நண்பர்களே, நாடாவோ எண்ணோ, வெட்டாத மூலப் பதிவின் மதிப்பை ஒரு நிகழ்ச்சியால் காட்ட விரும்புகிறேன். ஆர்னால்டு பேக் என்னும் டச்சு அறிஞர் 1938-இல் தென்னாட்டில் ஊர் ஊராகச் சென்று நாட்டுப்புறக் கலைஞர்களின் இசையைப் பதிவு செய்தார். நாற்பத்தாறு ஆண்டு கழித்து, 1984-இல், நசீர் ஜைராஸ்பாய், ஏமி கேட்லின் என்னும் இரு ஆய்வாளர்கள் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கருநாடகத்திலும் அவர் அடிச்சுவட்டில் மீண்டும் சென்று, எது நிலைத்தது, எது மாறியது என்று ஒப்பிட்டார்கள். பேக் அன்று நான்கு ஆவர்த்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை எறிந்திருந்தால், அவர்கள் எதை எதனோடு ஒப்பிட்டிருப்பார்கள்?

நம் கல்லூரியைச் சுற்றிப் பாலாற்றங்கரை ஊர்களில் பம்பைக்காரர்கள் இருக்கிறார்கள்; கூத்து வாத்தியார்கள் இருக்கிறார்கள்; நடவுப் பாட்டை மறக்காத பாட்டிகள் இருக்கிறார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. தமிழ்த்துறையும் இயற்பியல் துறையும் கைகோத்தால் ஓராண்டில் ஒரு நல்ல ஒலிச் சேமிப்பை நம்மால் உருவாக்க முடியும். நான்கு விதி போதும். எல்லோரும் சேர்ந்து ஒரே மூச்சில் வாசிக்கட்டும். மூலப் பதிவை வெட்டாமல் தனியே வைப்போம். அழகுபடுத்துவதை அதன் நகலில் செய்வோம். வாசித்தவர் பெயரும் ஊரும் நாளும் அவர் குரலாலேயே தொடக்கத்தில் பதிவாகட்டும். அவர் இசைவின்றி யாருக்கும் கொடுக்கலாகாது. கொடுத்தால் கூலியோடு கொடுக்க வேண்டும்.

இதை முதல்வர் அவர்களும் பேராசிரியர்களும் கனிவோடு கருதிப் பார்க்க வேண்டுகிறேன். வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அன்று அங்கே போகப் போகிறேன். மாமாவும் வருகிறார். கைப்பேசியும் பொறுமையும் உள்ளவர்கள் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் என்னிடம் பெயர் கொடுக்கலாம்.